கிறிஸ்துமஸ் கால வழிபாட்டில் இசைக்கருவியாளர்: தமிழ்த் திருச்சபைகளின் எழுதப்படாத மரபு

முன்னுரை

தமிழ்க் கிறித்தவ இலக்கியம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பாடலாசிரியர்களையே மையமாகக் கொண்டு அமைந்துள்ளன. வீரமாமுனிவர், வேதநாயக சாஸ்திரியார், எச். ஏ. கிருட்டிணபிள்ளை ஆகியோரின் வாழ்வும் வாக்கும் பதிப்பு வரலாறும் பலராலும் ஆராயப்பட்டுள்ளன. ஆயினும், அப்பாடல்கள் தேவாலயத்தில் ஒலிக்கத் துணைநின்ற வயலின், மிருதங்கம், ஆர்மோனியம், தபேலாக் கலைஞர்கள் இவ்வாய்வுகளில் அரிதாகவே இடம்பெறுகின்றனர். பாடல் ஏட்டில் நின்றது. அதை இசைத்தவர் பெயர் நிற்கவில்லை.

வழிபாட்டு ஆண்டில் இக்கலைஞர்களின் பணி மிகுந்து காணப்படும் காலங்களுள் ஒன்று கிறிஸ்துமஸ் காலமாகும். எனவே அக்காலத்தைக் களமாகக் கொண்டு, வழிபாட்டில் கருவியாளரின் பணி யாது, அப்பணிக்கு இசைவும் தடையும் எவ்வாறு அமைந்தன, மலேசிய சிங்கப்பூர்ச் சூழலில் அம்மரபு எந்நிலையில் உள்ளது என்னும் மூன்று வினாக்களை நாம் இங்கு நோக்குகிறோம். கருவியாளரைப் பதிவு செய்யாமல் கீர்த்தனை மரபைப் பாதுகாத்தல் இயலாது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பருவமும் ஒலியும்

கிறிஸ்துமஸ் கால இசையை விளங்கிக்கொள்ள, அதற்கு முன்வரும் திருவருகைக் காலத்தை முதலில் நோக்க வேண்டும். டிசம்பர் 25-ஆம் நாளுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய இக்காலம் ஆயத்தக் காலமாகும். உரோமன் கத்தோலிக்க வழிபாட்டு ஒழுங்கின்படி, இக்காலத்தில் ஆர்கனும் பிற கருவிகளும் அடக்கத்துடனேயே இசைக்கப்பட வேண்டும். பிறப்பு விழாவின் முழு மகிழ்ச்சியை அவை முன்கூட்டியே வெளிப்படுத்தலாகாது. ஞாயிற்றுத் திருப்பலிகளில் வழக்கமாக இடம்பெறும் 'வானவர் கீதம்' திருவருகைக் கால ஞாயிறுகளில் பாடப்படுவதில்லை. கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலியில் அது மீண்டும் ஒலிக்கும்போது மணியும் கருவிகளும் ஒருசேர முழங்குதல் பரவலான வழக்கமாகும். அம்முழக்கத்தின் பொருள் அதற்கு முந்திய அடக்கத்தால் விளைவது. கருவியாளர் எப்பொழுது வாசிக்காதிருத்தல் வேண்டும் என்பதை அறிவதும் அவர்தம் கலையின் ஒரு கூறு எனலாம்.

நடைமுறையில் இங்கு ஒரு முரண் உண்டு. ஆலயத்தினுள் அடக்கம் வேண்டப்படும் அதே வாரங்களில்தான் வீடுதோறும் செல்லும் கேரல் குழுக்கள் புறப்படுகின்றன. சீர்திருத்தத் திருச்சபைகளில் கீத ஆராதனைகளும் இவ்வாரங்களிலேயே நிகழ்கின்றன. எனவே, ஒரே கலைஞர் மாலையில் வீதியில் டோலக்கும் மறுநாள் காலையில் ஆலயத்தில் அடங்கிய ஒலியும் வாசிக்க நேரிடுகிறது. பின்னர் நள்ளிரவு வழிபாடு, கிறிஸ்துமஸ் காலை வழிபாடு, டிசம்பர் 31-ஆம் நாள் இரவின் ஆண்டிறுதி ஆராதனை, புத்தாண்டு வழிபாடு, திருக்காட்சி விழா எனப் பணி தொடர்கிறது. இவ்வனைத்தையும் பெரும்பாலும் ஊதியம் கருதாத சபையினரே தம் அன்றாடத் தொழிலுக்கிடையே நிறைவேற்றி வருகின்றனர்.

வழிபாட்டினுள் கருவியாளர் செய்வது யாது? சபையோர் அனைவரும் எட்டக்கூடிய சுருதியைத் தேர்தல், பல்லவியை ஒருமுறை வாசித்து மெட்டை நினைவூட்டல், எடுப்பு எவ்விடத்தில் விழுகிறது என்பதைத் தாளத்தால் உணர்த்தல், சரணத்திலிருந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தைக் காட்டல், காணிக்கைப் பவனி நீண்டால் பாடலையும் நீட்டல், குருவானவர் பீடத்தை அடைந்ததும் முடித்தல் ஆகிய அனைத்தும் அவர் பொறுப்பாகும். கச்சேரிக் கலைஞர் பாடகருக்குப் பக்கவாத்தியம் வாசிக்கிறார். ஆலயக் கலைஞரோ பயிற்சியற்ற முந்நூறு குரல்களுக்கு வழிகாட்டுகிறார். ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே ஆலயம் வருவோர் மிகுதியாகக் கூடும் கிறிஸ்துமஸ் நாளில் இப்பணி மேலும் கடினமாகிறது.

இசைவும் தடையும்

எக்கருவி ஆலயத்தினுள் வரலாம் என்பது தொடக்கம் முதலே விவாதத்திற்குரியதாக இருந்து வந்துள்ளது. 1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தொடங்கி வைத்த லுத்தரன் மரபில், ஜெர்மானிய மெட்டுகளுக்குத் தமிழ்ச் சொற்கள் அமைக்கப்பட்டன. இவையே ஞானப்பாட்டுகள். இதற்கு இணையாகக் கருநாடக இசை வடிவிலான கீர்த்தனை மரபும் வளர்ந்தது. அதன் தலைசிறந்த புலவர், தஞ்சைச் சரபோசி மன்னரின் காலத்தில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) ஆவார்.

1820-களில் தஞ்சைச் சபையில் எழுந்த பூசலில், வழிபாட்டிலிருந்து தமிழ் இசைப்பாடல்கள் விலக்கப்பட்டமையும் சாஸ்திரியாரின் முறையீடுகளுள் ஒன்றாக இருந்தது. புதிதாக வந்த மறைப்பணியாளர் சிலருக்குத் தமிழ் இசை, கோயிலையும் நாட்டியத்தையும் நினைவூட்டியது. ஆயினும் அதே முறையீடுகளில், சபையில் சாதி வேறுபாட்டைத் தொடர வேண்டும் என்றும் சாஸ்திரியார் வாதிட்டார் என்பதை மறைத்தல் தகாது. இசை பற்றிய பூசலும் சாதி பற்றிய பூசலும் பின்னிக் கிடந்தன.

இப்பின்னலைத் தெளிவாகக் காட்டுவது பறையாகும். வயலினும் மிருதங்கமும் ஆலயத்தில் இடம்பெற்ற பின்னரும், சாவு வீட்டோடும் ஒடுக்கப்பட்ட சாதியோடும் இணைத்து நோக்கப்பட்ட பறை நெடுங்காலம் வெளியிலேயே நின்றது. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு (1940–2005), நாட்டுப்புற இசையிலேயே வழிபாட்டு முறையை அமைத்து, பறையை வழிபாட்டுக்குரிய கருவியாக முன்வைத்தார். சபையில் பெரும்பான்மையோரான ஒடுக்கப்பட்ட மக்களின் இசையை ஒதுக்கிவிட்டுத் தமிழ் வழிபாடு என்று பேசுதல் எங்ஙனம் பொருந்தும் என்பதே அவர் பணி எழுப்பிய வினா. இவ்வினாவை நாம் இன்னும் முழுமையாக எதிர்கொள்ளவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையில் தடை வேறு வகையில் அமைந்தது. 1903-ஆம் ஆண்டில் திருத்தந்தை பத்தாம் பயஸ் வெளியிட்ட ஆணை, பியானோவையும் முரசு, தாளம் போன்ற ஓசைமிகு கருவிகளையும் ஆலயத்தில் விலக்கியது. 1963-ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், ஆர்கனுக்கு உயர்ந்த இடம் அளித்ததோடு, வழிபாட்டுக்குத் தகுந்த பிற கருவிகளையும் ஆட்சிப்பீடத்தின் இசைவுடன் ஏற்கலாம் என அறிவித்தது. மக்களின் சொந்த இசை மரபுகள் மதிக்கப்பட வேண்டும் என்றும் வலியுறுத்தியது. தமிழில் திருப்பலி நிறைவேற்றப்பட்டதும் தபேலாவும் மிருதங்கமும் பாடற்குழுவினர் பக்கம் இடம்பெற்றதும் இதன் விளைவுகளாகும். இன்று பழமையானது போல் தோன்றும் நள்ளிரவுத் திருப்பலித் தபேலா ஒலி, ஏறத்தாழ அறுபதாண்டு வரலாறே உடையது.

ஏட்டில் உள்ளதும் கையில் உள்ளதும்

மதுரை அமெரிக்க மிசனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-ஆம் ஆண்டில் கீர்த்தனைத் தொகுதி ஒன்றை வெளியிட்டார். அதன் பின்னர்ப் பல தொகுதிகள் வெளிவந்தன. பொதுவாக இந்நூல்களில் பாடலின் மேல் இராகமும் தாளமும் குறிக்கப்பட்டிருக்கும். அல்லது வேறொரு பாடலின் முதலடி தரப்பட்டு, அதன் மெட்டில் பாடுமாறு கூறப்பட்டிருக்கும். சுரக்குறிப்பு இராது.

இக்குறிப்பு நினைவூட்டலே அன்றி மெட்டு அன்று. சங்கராபரணம், ஆதி தாளம் என்னும் ஒரே தலைப்பின்கீழ் வரும் இரு கீர்த்தனைகள் முற்றிலும் வேறான மெட்டுகளைக் கொண்டிருக்கலாம். இராகப் பெயர், மெட்டு எவ்வெல்லைக்குள் அமையும் என்பதை மட்டுமே கூறும். வேறொரு பாடலின் மெட்டைச் சுட்டும் இடங்களில் நிலைமை மேலும் சிக்கலானது. அம்மூலப்பாடல் வழக்கொழிந்தால் சுட்டும் பயனற்றுப் போகிறது. எனவே மெட்டு உண்மையில் வாழ்ந்தது கருவியாளரின் விரலிலும் சபையோரின் செவியிலுமே ஆகும். கிறிஸ்துமஸ் கீர்த்தனைகளுக்கு இது சிறப்பாகப் பொருந்தும். அவை ஆண்டில் சில வாரங்களே பாடப்படுவதால், ஒரு தலைமுறை தவறினால் மறதி எளிதாகிறது.

சுரக்குறிப்பில் எழுதும் வழக்கம் தமிழ்க் கிறித்தவர்க்குத் தெரியாததன்று. 'கருணாமிர்த சாகரம்' (1917) என்னும் இசைப் பெருநூலை இயற்றிய தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859–1919), தம் பாடல்களைச் சுரப்படுத்தி மாணவர்க்குப் பயிற்றினார். ஆனால் அம்முறை சபையோர் கையாளும் கீர்த்தனை நூல்களில் வேரூன்றவில்லை.

ஆவணமின்மை எத்தகைய குழப்பத்தை விளைவிக்கும் என்பதற்கு வயலின் வரலாறே சான்று. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு, மறைப்பணியாளர் சுவார்ட்சு ஐயரிடம் வயலின் கற்றார் என்னும் செய்தி பலவிடங்களில் காணப்படுகிறது. சுவார்ட்சு மறைந்தது 1798-ஆம் ஆண்டில். வடிவேலு பிறந்தது 1810-ஆம் ஆண்டில். எனவே அச்செய்தி பொருந்தாது. அரசவைக் கலைஞர் ஒருவர் வரலாற்றிலேயே இத்தகைய வழு நேர்ந்ததெனில், ஆலயக் கலைஞர்கள் வரலாறு என்னாகும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மலேசிய சிங்கப்பூர்ச் சூழல்

இம்மரபு கடல் கடந்தும் வந்தது. சிங்கப்பூரில் 1888-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட லூர்து அன்னை ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கர்க்கென எழுந்தது. கோலாலம்பூரில் புனித அந்தோணியார் ஆலயமும் பிரிக்ஃபீல்ட்ஸ் சீயோன் லுத்தரன் தேவாலயமும் தமிழ்ச் சபைகளின் வளர்ச்சியைக் காட்டுவன. நகரங்களில் இவ்வாறு ஆலயங்கள் எழுந்த காலத்தில், தோட்டப்புறங்களில் சிற்றாலயங்களும் செபக்கூடங்களும் அமைந்தன. குருவானவர் வாராத நாள்களில் உபதேசியாரே வழிபாட்டை நடத்தினார். பாடலும் தாளமும் சபையோரிடமிருந்தே எழுந்தன.

இந்நாட்டுச் சபைகளில் தஞ்சை, நெல்லை, யாழ்ப்பாணம் ஆகிய பகுதிகளிலிருந்து வந்தோர் ஒரே கூரையின்கீழ்க் கூடினர். தாயகத்தில் வட்டாரந்தோறும் வேறுபட்ட மெட்டுகள் இங்கு ஒன்றோடொன்று கலந்தன. ஆகவே இங்கு வழங்கும் மெட்டுகளைத் தாயக மெட்டுகளின் சிதைவு என்று கொள்ளுதல் பொருந்தாது. அவை தமக்கென வரலாறு உடையவை. தனித்து ஆராயத் தக்கவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்தபோது, சிற்றாலயங்களோடு அவற்றின் இசைக்குழுக்களும் கலைந்தன. கலைஞர் புதிய சபைகளில் சேர்ந்தனர். ஆனால் ஒரு தோட்டத்துக்கே உரிய பாடற்பழக்கம் தொடர்வதற்கு அச்சூழல் இடமளிக்கவில்லை.

ஆர்மோனியமும் கீபோர்டும்

கருவி மாறும்போது இசையும் மாறுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் பரவிய கைத்துருத்தி ஆர்மோனியம் எடுத்துச் செல்ல எளிதானது, சுருதி கலையாதது. எனினும் அதன் சுரங்கள் நிலையானவை. கமகத்திற்கு இடம் தருவதில்லை. அகில இந்திய வானொலி 1940-ஆம் ஆண்டில் அதனை விலக்கி வைத்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். அத்தடை 1971-ஆம் ஆண்டிலேயே தளர்த்தப்பட்டது. ஆயினும் தேவாலயங்களில் ஆர்மோனியம் தடையின்றி நிலைபெற்றது.

இன்று அவ்விடத்தைக் கீபோர்டு பெற்றுள்ளது. இதனைக் குறைகூறுவது மட்டுமே நம் நோக்கமன்று. ஒருவரே உள்ள சிறு சபையிலும் கீபோர்டு வழிபாட்டைத் தாங்குகிறது. விரலமைப்பை மாற்றாமல் சுருதியை மாற்ற உதவுகிறது. சிக்கல் அதன் தானியங்கித் தாளத்தில் உள்ளது. அதில் முன்பதிவான தாளக்கட்டுகள் பெரும்பாலும் நான்கும் மூன்றும் ஆறும் ஆகிய எண்ணிக்கைகளில் அமைந்தவை. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை அதனுள் பொருந்தும். ஏழு எண்ணிக்கை கொண்ட மிசிர சாபு பொருந்தாது. எனவே கலைஞர் ஓர் எண்ணிக்கையை நீட்டி எட்டாக்குகிறார். அல்லது அப்பாடலையே தவிர்க்கிறார். நீட்டும்போது குறில் நெடிலாகிச் சொல் சிதைகிறது. தவிர்க்கும்போது பாடலே மறைகிறது. யாப்பு கற்பிக்கும் ஆசிரியர்க்கு இவ்விழப்பின் அளவு நன்கு விளங்கும்.

செய்யத்தக்கவை

இந்நிலையில் பல்கலைக்கழகத் துறைகளும் தமிழாசிரியர்களும் ஆற்றக்கூடிய பணிகள் எளியவையே. முதலாவதாக, மூத்த கலைஞர்களின் இசையை ஒலிப்பதிவு செய்ய வேண்டும். பாடலோடு கருவியைத் தனியாகவும் பதிவு செய்தல் நன்று. இரண்டாவதாக, ஒவ்வொரு பாடலுக்கும் நூலில் கண்ட இராக தாளம், உண்மையில் வாசிக்கப்படும் இராக தாளம், சுருதி, மூலமெட்டு, யாரிடம் எவ்வூரில் கற்றது ஆகிய ஐந்து செய்திகளை எழுதிவைத்தல் வேண்டும். மூன்றாவதாக, கலைஞரின் இசைவு பெற்று அவர் பெயரை ஆவணத்தில் குறித்தல் வேண்டும்.

2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் சபைகள் பலவும் வழிபாடுகளை இணையத்தில் ஒளிபரப்பின. அவ்வாண்டின் கிறிஸ்துமஸ் வழிபாடுகளும் அவற்றுள் அடங்கும். இப்பதிவுகள் எதிர்பாராது கிட்டிய ஆவணங்களாகும். அவற்றில் வாசிப்போர் யார், மெட்டு எவ்வழி வந்தது என்னும் குறிப்புகளைச் சேர்த்தால் மட்டுமே அவை ஆய்வுக்குப் பயன்படும். அதற்கு அக்கலைஞர்கள் நம்மிடையே உள்ளபோதே முயல வேண்டும். பட்டப்படிப்பு மாணவர்க்கு இது தகுந்த களப்பணியாக அமையும்.

முடிவுரை

கீர்த்தனை என்பது சொல்லும் இசையும் சேர்ந்த கலை. சொல்லை அச்சு காத்தது. இசையைக் காத்தவர் கருவியாளர். அவர் வாசித்த இசைக்கு அச்சில் இடம் கிட்டவில்லை. எக்கருவி உள்ளே வரலாம், யார் அதை வாசிக்கலாம் என்னும் வினாக்களில் சமயமும் சாதியும் காலனியமும் கலந்திருந்ததால், இம்மரபின் வரலாறு இசை வரலாறாக மட்டுமன்றிச் சமூக வரலாறாகவும் அமைகிறது. அதனை எழுதுவதற்குரிய சான்றுகள் நூலகத்தைவிட ஆலயப் பாடற்குழுவின் இருக்கைகளிலேயே மிகுதியாக உள்ளன. வரும் டிசம்பரில் அவர்களை அணுகி ஒரு பாடலையேனும் பதிவு செய்தல் நம்மால் இயலும்.