தவிட்டில் போகும் தேச பலம்

ஒரு தேசத்தின் பலம் அதன் ஜனங்கள் நாள்தோறும் உண்ணும் தானியத்தில் தொடங்குகிறது. விலை கொடுத்து வாங்கிய தானியத்தின் சத்தான பாகத்தை மாட்டுக்கு இட்டுவிட்டு, மிஞ்சிய வெள்ளை மாவைத் தன் பிள்ளைகளுக்கு ஊட்டும் சமூகத்தை என்னவென்று சொல்வது? மைதாவின் விஷயத்தில் நாம் இன்று செய்துவருவது அதுவே.

கோதுமை மணி மூன்று பாகங்களால் ஆனது. மேலே தவிடு, நூற்றுக்குச் சுமார் 14 பங்கு. உள்ளே வெண்மையான மாவுப் பகுதி, சுமார் 83 பங்கு. அடியில் முளைக்கரு, 2 அல்லது 3 பங்கு. மாவுப் பகுதி உழைப்பதற்கு வேண்டிய சக்தியையும் ஓரளவு புரதத்தையும் தரும். நார்ச்சத்து, இரும்பு, துத்தநாகம், மக்னீசியம், பி வகை ஜீவசத்துக்கள் ஆகியவற்றின் பெரும்பகுதியோ தவிட்டிலும் முளைக்கருவிலுமே அடங்கியிருக்கிறது. 100 கிராம் முழுக் கோதுமை மாவில் நார்ச்சத்து சுமார் 11 கிராம். மைதாவில் அது 3 கிராமுக்கும் குறைவு.

ஆலைக்காரர் இவற்றை நீக்குவதற்குக் காரணம் இல்லாமலில்லை. முளைக்கருவில் எண்ணெய் உண்டு. அது கலந்த மாவில் சீக்கிரம் சிக்குவாடை வீசும். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் உருளை யந்திர ஆலைகள் பரவியபோது, நெடுநாள் கெடாத வெள்ளை மாவு வியாபாரத்திற்கு மிகவும் அநுகூலமாயிற்று. வியாபாரியின் லாபம் உண்பவனின் நஷ்டமாக முடிந்தது.

இதனை உணர்த்திய பரிசோதனைகளுள் ஒன்று நமது குன்னூரிலேயே நடந்தது. 1920-களில் ராபர்ட் மக்காரிசன் என்னும் விஞ்ஞானி, இந்தியாவின் பல பிரதேசத்தாரின் உணவுகளை எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். முழுக் கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியும் அடங்கிய சீக்கியர் உணவை உண்டவை மிகச் செழித்து வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாணத்து உணவை உண்டவை கடைசியில் நின்றன. பாலுக்கும் காய்கறிக்கும் இதில் பங்குண்டு. ஆயினும், தானியம் ஒன்றையே நம்பி வாழும் ஏழைக்கு அத்தானியம் முழுமையாகக் கிடைப்பது எவ்வளவு அவசியம் என்பதை இது காட்டுகிறது. 1934-ல் காந்தியடிகள் தோற்றுவித்து, தஞ்சையிற் பிறந்த ஜே. சி. குமரப்பா நடத்திய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம், கைக்குத்தல் அரிசியையும் திரிகையில் அரைத்த முழு மாவையும் ஆதரித்ததன் கருத்தும் இதுவே.

நம்மை ஆண்ட பிரிட்டனும் ஆபத்துக் காலத்தில் இதை உணர்ந்தது. யுத்தத்தின்போது, 1942-ல், கோதுமை மணியின் 85 சதவீதத்தை மாவாக்கிச் சுடும் ‘தேசிய ரொட்டி’யை அது தன் ஜனங்களுக்கு அளித்தது. 1956-ல் அந்த ரொட்டி நின்றது. வெள்ளை மாவில் இரும்பையும் சில ஜீவசத்துக்களையும் வெளியிலிருந்து சேர்க்கும் முறை நிலைத்தது. இயற்கை வைத்ததைக் களைந்துவிட்டு, அதில் ஒரு சிலவற்றை மட்டும் காசு கொடுத்துத் திரும்பக் கலப்பது விந்தையிலும் விந்தை!

நமக்கு வழி தூரத்தில் இல்லை. நியாயவிலைக் கடையில் வழங்கும் கோதுமை முழு மணியே. அதை அரைத்துச் சலிக்காமல் உபயோகிக்கலாம். இரவில் ஊறவைத்து வேகவைத்தும் உண்ணலாம். முளைகட்டினால், இரும்புச்சத்து உடலில் சேர்வதற்குத் தடையாயுள்ள பைட்டிக் அமிலமும் குறையும். கோதுமைப் புரதம் ஒவ்வாதவர் மட்டும் விலக்குதல் வேண்டும்.

பள்ளிகளிலும் விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் சர்க்கார் செலவில் பரிமாறப்படும் கோதுமைப் பண்டம் ஒவ்வொன்றும் முழுத் தானியத்தால் ஆனதாக இருக்கவேண்டும் என்று நாம் வற்புறுத்துகிறோம். பொதுப்பணியில் ஈடுபட்ட அன்பர்கள், தத்தம் ஊர்ச் சமையற்கூடத்தில் எந்த மாவு வேகிறது என்பதை நேரில் சென்று விசாரித்தறிய முன்வருவார்களாக.