தத்தெடுப்போர்க்கு நாம் என்ன உதவலாம்?

இயேசு பாலனை வளர்த்தவர் புனித சூசையப்பர். அவரை வணங்கும் நம் கிறிஸ்தவத் தம்பதியருக்கு, சட்டப்படி தத்தெடுக்கும் உரிமை நெடுங்காலம் இல்லை. 1956-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கானது. மற்றவர்கள் 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி காப்பாளர்களாக மட்டுமே இருந்தனர். 2000-இல் வந்து 2006-இல் திருத்தப்பட்ட இளைஞர் நீதிச் சட்டமே எம்மதத்தாருக்கும் வழி திறந்தது.

இன்று கணினி வழியே பதிவு செய்ய வேண்டும். பான் அட்டை, வயது, இருப்பிடம், வருமானம், உடல்நலம், திருமணம் ஆகியவற்றின் சான்றுகள் தேவை. சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். 2022 முதல் தத்து ஆணையை மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார்.

இத்தனை காகிதங்களைக் கண்டு அதிகம் படிக்காதவர்கள் மலைத்துப் போவார்கள். படித்த நாம் படிவம் நிரப்பித் தரலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் துணையாகப் போகலாம். விதித்த கட்டணத்தைக் கட்ட உறவினரிடம் கைமாற்று கேட்பதிலும் வெட்கமில்லை. ரசீது மட்டும் மறவாமல் வாங்க வேண்டும்.

ஆனால், பணம் கொடுத்தால் உடனே குழந்தை என்னும் தரகரை நாடவே கூடாது. குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் ஐந்தாண்டு வரை கடுங்காவல் உண்டு என்கிறது 2015-ஆம் ஆண்டுச் சட்டம்.

குழந்தை விலைப்பொருள் அன்று. இறைவன் தந்த கொடை. அக்கொடை நேர்வழியில் ஒரு வீடு சேர நாமும் கைகொடுப்போம்!