நகலும் நாணயமும்

நகல் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் ஓர் இளக்காரம் தோன்றுவது இயல்பு. அசலை வாங்க வசதியற்றவனுக்கு வாய்த்தது நகல் என்பதே பொதுவான எண்ணம். ஆனால், நகலாகப் பிறந்த ஒரு பொருள் தன் செய்ந்நேர்த்தியினாலேயே அசலைச் செய்தவர்களைக் கலங்க வைத்து, முடிவில் அவர்களையே தன் வாயிலுக்கு வரவழைத்ததும் உண்டு. 1970களில் ஜப்பான் தேசத்தில் செய்யப்பட்ட மின்கிதார்களின் வரலாறு அது. நம் குடும்பத்துப் பிள்ளைகளுள் கிதார் பயில்வோர் உளர். பழைய ஜப்பானியக் கிதார்களை விரும்பித் தேடுவோரும் உளர். ஆகவே அவற்றின் பிறப்பையும், அவற்றை இனங்காணும் முறையையும் இங்கே சிறிது ஆராய்வோம்.

மின்கிதார், வீணையைப் போலக் குடத்தின் அதிர்வை நம்பி ஒலிப்பதன்று. காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் கொண்ட 'பிக்கப்' என்னும் உறுப்பு, எஃகுத் தந்தியின் அசைவை மின்னலையாக மாற்றுகிறது. அவ்வலையைப் பெருக்கி ஒலியாக்குவது தனிக் கருவி. அமெரிக்காவில் கிப்ஸன் நிறுவனத்தார் 1952-இல் வெளியிட்ட லெஸ் பாலும், ஃபெண்டர் நிறுவனத்தார் 1954-இல் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரும் இவ்வகைக்கு இலக்கணமாய் அமைந்தவை. 1965-இல் ஃபெண்டர் நிறுவனத்தை சி.பி.எஸ். வாங்கிற்று, 1969-இல் கிப்ஸனும் கைமாறிற்று. அதன்பின் பழைய தரம் குன்றியதாக இசைவாணர் பலர் குறைகூறலாயினர். 1950களில் செய்த கிதார்களுக்கு மதிப்பு ஏறிற்று.

இதே காலத்தில் ஜப்பானில் நிகழ்ந்தது யாது? 1965-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 'தி வென்ச்சர்ஸ்' என்னும் அமெரிக்கக் குழுவினர் அங்கே இசைப் பயணம் செய்தனர். இளைஞரிடையே மின்கிதார் மோகம் காட்டுத்தீப் போலப் பரவிற்று. சில ஆண்டுகளில் தணியவும் செய்தது. பட்டறைகள் பல மூடப்பட்டன. எஞ்சியவை, உலகம் விரும்பிய அமெரிக்க உருவங்களை அப்படியே செய்துகொடுக்க முற்பட்டன. நாகானோ மாநிலத்து மட்ஸுமோட்டோ நகரில் 1960-இல் தோன்றிய புஜிகென் நிறுவனமும், அதே நகரில் தையல் இயந்திரங்களுக்கு மரப்பெட்டி செய்து கைதேர்ந்த மட்ஸுமோக்கு நிறுவனமும், ஹமாமட்ஸு நகரின் டோக்காய் நிறுவனமும் இவற்றுள் முதன்மையானவை.

இங்கே அன்பர்கள் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். கிதாரின் தலையில் காணும் பெயர் வேறு. அதைச் செய்த பட்டறை வேறு. கிரெக்கோ என்பது காண்டா ஷோக்காய் என்ற வணிக நிறுவனத்தின் பெயர்க்குறி. ஐபானெஸ் என்பது நகோயா நகரின் ஹோஷினோ நிறுவனத்தின் குறி. இவ்விரண்டிற்கும் 1970களில் புஜிகென் பட்டறையே பெருமளவில் கிதார் செய்து கொடுத்தது. ஆதலால் பெயரைக் கொண்டு மட்டும் தரத்தை நிறுத்துப் பார்க்கலாகாது.

தொடக்கத்தில் வந்த நகல்கள் பார்வைக்கு மட்டுமே அசலை ஒத்திருந்தன. லெஸ் பால் கிதாரில் கழுத்து உடலோடு பசையிட்டுப் பொருத்தப்படுவது. முதல் நகல்களிலோ அது திருகாணிகளால் முடுக்கப்பட்டிருந்தது. சிலவற்றின் மேற்பலகை ஒட்டுப்பலகையை வளைத்துச் செய்தது. தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பது ஒலியிலேயே புலப்படும். 1970களின் பிற்பகுதியில் நிலைமை மாறிற்று. உயர்வகைகளில் கழுத்தைப் பசையிட்டு இணைத்தனர். மரத்தையும் பிக்கப்பையும் கருத்துடன் தேர்ந்தனர். சேகரிப்போர் பெரிதும் நாடுவது இக்காலத்துக் கிதார்களையே.

வணிகர் சிலர் பழைய ஜப்பானிய நகல் எதுவாயினும் அதனை 'வழக்குக் கிதார்' என்று சொல்லி விலையேற்றுகின்றனர். உண்மையில் நடந்த வழக்கு ஒன்றே. 1977-இல் கிப்ஸனின் உரிமையாளரான நார்லின் நிறுவனத்தார், ஐபானெஸ் கிதார்களை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் நிறுவனத்தின்மீது பிலடெல்பியா நீதிமன்றத்தில் வழக்கிட்டனர். கிதாரின் தலைப்பகுதி, விரித்த புத்தகம் போன்ற தங்கள் வடிவத்தில் இருக்கிறது என்பதே முறையீடு. ஐபானெஸ் அதற்கு முன்னரே அவ்வடிவத்தை மாற்றத் தொடங்கிவிட்டது. 1978-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. எனவே டோக்காய், கிரெக்கோ முதலியவற்றை அப்பெயரால் அழைப்பது பொருந்தாது.

ஃபெண்டர் நிறுவனத்தாரோ வேறு வழியை நாடினர். 1982-இல் காண்டா ஷோக்காய், யமானோ காக்கி என்னும் நிறுவனங்களுடன் கூடி 'ஃபெண்டர் ஜப்பான்' என்ற கூட்டு நிறுவனத்தை அமைத்தனர். கிதார் செய்யும் பணி புஜிகெனுக்கே கிடைத்தது. 1985-இல் ஃபெண்டர் மீண்டும் கைமாறியபோது, பழைய அமெரிக்கத் தொழிற்சாலை அவ்விற்பனையில் சேரவில்லை. ஆகவே சில காலம் ஃபெண்டர் பெயருடன் வந்தவற்றுட் பெரும்பாலானவை ஜப்பானில் உருவானவையே. நகல் செய்த கை அசலைச் செய்யும் கையாயிற்று!

இனி, இனங்காணும் முறையைக் காண்போம். முதலாவது வரிசை எண். 1970களின் நடுப்பகுதி முதல் கிரெக்கோவிலும் ஐபானெஸிலும் ஓர் ஆங்கில எழுத்தும் அதைத் தொடர்ந்து இலக்கங்களும் காணப்படும். எழுத்து மாதத்தையும், அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டையும் குறிக்கும். 'ஏ' ஜனவரி, 'எல்' டிசம்பர். 'எச்' என்ற எழுத்தின் பின் 78 என்றிருந்தால் அது 1978 ஆகஸ்டில் செய்தது. 1982-இல் வந்த முதல் ஜப்பானிய ஃபெண்டர்களில் 'ஜே.வி.' என்ற எழுத்துகள் எண்ணுக்கு முன் நிற்கும்.

இரண்டாவது வகை எண். அக்காலத்துக் கிரெக்கோ 'ஈ.ஜி. 500' என்பது 50,000 யென் விலையுள்ளது, டோக்காய் 'எஸ்.டி. 60' என்பது 60,000 யென். எண் உயர உயரப் பொதுவாகத் தரமும் உயரும்.

மூன்றாவது உட்பகுதி. பின்மூடியைக் கழற்றி ஒலியைக் கூட்டிக் குறைக்கும் உறுப்புகளைப் பார்க்க வேண்டும். அமெரிக்க உறுப்புகளில் செய்தவரையும், ஆண்டையும், வாரத்தையும் காட்டும் எண் பொறித்திருக்கும். உதாரணமாக 1377522 என்றால், 137 என்ற குறியுடைய சி.டி.எஸ். நிறுவனம் 1975-ஆம் ஆண்டின் 22-ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். பிக்கப்பில் மாக்ஸன் என்ற பெயர் இருப்பின் அது ஜப்பானியக் கைவேலை. ஆயினும் உறுப்புகள் பிற்காலத்தில் மாற்றப்பட்டிருக்கலாம். ஆதலின் ஒரு சாட்சியை மட்டும் நம்பாமல், எண், கழுத்தின் பொருத்து, மரம், உறுப்பு ஆகிய அனைத்தும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று நோக்குதல் வேண்டும்.

இவ்வளவு கவனம் ஏன் எனில், நல்ல நகலின் தலையிலிருந்து அதன் சொந்தப் பெயரைச் சுரண்டி எடுத்து, 'கிப்ஸன்' என்று பொறித்து விற்கும் வஞ்சகர் உளர். வாங்குபவன் பொருளை இழக்கிறான். அக்கருவியைச் செய்த, பெயர் அறியாத தச்சனோ தனக்குரிய ஒரே புகழையும் இழக்கிறான். தன் பெயரைத் தாங்கி நிற்கும் நகல் நாணயமானது. பிறர் பெயரைச் சூடிய நகல் பொய்யானது. நகல், குருவின் கையெழுத்தைப் பார்த்து எழுதிப் பழகும் மாணவனின் ஏடு போன்றது. அதில் குருவின் கையொப்பத்தையும் இட்டால் அது களவு.

வாங்க விழைவோர் கழுத்து வளையாமல் நேராக இருக்கிறதா, மெட்டுகள் தேய்ந்துள்ளனவா, பிரடைகள் வழுகாமல் நிற்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்க. மெட்டுகள் பதிந்த பலகையையும் சற்று உற்று நோக்குக. உலகெங்கும் கிதார் செய்வோர் அதற்குப் பெரிதும் கொள்ளும் மரங்களுள் ஒன்று, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம். பிறந்த மண்ணை விட்டுப் போயும் அது தன் நாதத்தை இழக்கவில்லை. வெளியூரில் வாழும் நமக்கு அதில் ஒரு மகிழ்ச்சி உண்டன்றோ?