பெக்கா மார்க்கனன்: அப்பா விட்டதை மகன் பிடித்தாரா?

என்பிஏவில் ஆடும் லாரி மார்க்கனனைப் பத்திப் பேசும்போது கமெண்டேட்டர்கள் ஒரு கதை சொல்வாங்க. அப்பா பெக்காவும் பாஸ்கெட்பால் ஆட்டக்காரர், அவருக்குக் கிடைக்காததை மகன் சாதிச்சுட்டார்னு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பாதிதான் சரி.

பெக்கா பின்லாந்திலிருந்து அமெரிக்கா போனது 1989-ல். கான்சாஸ் பல்கலைக்கழகத்தில், பயிற்சியாளர் ராய் வில்லியம்ஸிடம் ஒரே ஒரு சீசன். சாதாரண சீசன் இல்லைங்க அது. தரவரிசையிலேயே இல்லாத அந்த அணி நவம்பர்ல ரெண்டாம் இடத்து எல்எஸ்யூவை ஜெயிச்சது. எல்எஸ்யூவில் அப்போ முதலாமாண்டு மாணவரா ஆடினவர் ஷகீல் ஓ'நீல்! அடுத்து முதலிடத்து யுஎன்எல்வியையும் சாய்ச்சாங்க. சீசன் முடிவில் 30 வெற்றி, 5 தோல்வி.

அப்புறம் ஏன் என்பிஏ போகலை? காலத்தைப் பாருங்க. டிவாட்ஸ், பெட்ரோவிச், மார்சியுலியோனிஸ் மாதிரி ஐரோப்பியர்கள் என்பிஏவுக்குள்ள நுழைஞ்சதே அதே 1989-ல்தான். கதவு அப்போதான் லேசாத் திறந்திருந்தது. பின்லாந்துக்காரர் ஒருத்தர், ஹன்னோ மொட்டோலா, முதன்முதலா உள்ளே போக 2000 ஆச்சு. பெக்கா தோத்துட்டார்னு சொல்ல இதுல என்ன இருக்கு?

ஆட்டமும் வேற. அந்தக் காலத்துல ஏழடி ஆள்னா கூடைக்குக் கீழேதான் வேலை. அதே உயரம் உள்ள லாரி, 2017-ல் ஏழாவது ஆளாத் தேர்வாகி சிகாகோவுக்கு வந்த முதல் சீசன்ல, 41 ஆட்டத்தில் 100 மூணு பாயிண்ட் ஷாட் போட்டார். அதுவரை யாரும் அவ்வளவு சீக்கிரம் போட்டதில்லை. 2022-23-ல் யூட்டாவுக்காக ஆட்டத்துக்குச் சராசரி 25.6 புள்ளி. அந்த ஒரே சீசன்ல 200 மூணு பாயிண்ட்டும் 100 டங்க்கும் சேர்த்து எடுத்தார், என்பிஏ வரலாற்றில் முதல் ஆளா. அப்பா ஆட்டத்தோட தொடர்ச்சின்னு இதைச் சொல்ல முடியாது.

அப்பா, அப்பான்னு சொல்றோமே, அம்மாவை ஏன் விட்டுடறோம்? ரீக்கா எல்லோனனும் பின்லாந்து தேசிய அணிக்கு ஆடினவங்க. லாரிக்கு வந்த ஆட்டத்துல அவங்க பங்கும் உண்டு இல்லையா? யுவாஸ்குலா நகரத்தில் வளர்ந்த மூணு பசங்கள்ல மீக்கா பாஸ்கெட்பால் ஆடினார். ஏரோ கால்பந்துக்குப் போயிட்டார்! ரியல் மாட்ரிட்டின் காஸ்டில்லா அணி வரைக்கும் போனவர். அப்பாவோட கனவைப் பிள்ளைகள் மேல ஏத்திவெச்ச வீடு மாதிரி எனக்குத் தெரியலை.

அப்பா பேரோட மகனை ஒப்பிடணும்னா தேசிய அணியில் ஒப்பிடுங்க. 1995 யூரோபாஸ்கெட்டில் பெக்கா ஆடினார். அதுக்கப்புறம் பின்லாந்து அந்தப் போட்டிக்கு மறுபடி வர 16 வருஷம் ஆச்சு. 2022-ல் குரோஷியாவுக்கு எதிரா லாரி தனியா 43 புள்ளி எடுக்க, பின்லாந்து காலிறுதிக்குப் போச்சு. 2025-ல் அரையிறுதி, கடைசியில் நாலாவது இடம்.