கட்டிலருகே கற்கும் கல்வி

மருத்துவக் கல்லூரியில் இடம் பெறவேண்டும் என்ற ஆவல் உங்களுள் பலருக்கு இருக்கும். நுழைவுத் தேர்வைப் பற்றியும் மதிப்பெண்களைப் பற்றியும் உங்களுக்குச் சொல்வோர் ஏராளம். இடம் கிடைத்த பிறகு அங்கே என்ன நிகழ்கிறது, பள்ளிப் படிப்பை நேற்று முடித்த ஒருவர் பிறர் உடலைத் தொட்டு நோயறியும் தகுதியை எவ்வாறு அடைகிறார் என்று சொல்வோர் சிலரே. நான் மருத்துவன் அல்லேன். ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளிகளிலே காலத்தைக் கழித்தவன். ஆகவே இதனை ஓர் ஆசிரியனுடைய கண்கொண்டே பார்க்கிறேன்.

நமது தஞ்சைக்கு மருத்துவ ஆராய்ச்சி புதிதன்று. 1798 முதல் 1832 வரை அரசாண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால் என்னும் மருத்துவச் சாலையை அமைத்தார். அவர் காலத்தில் கண்நோயாளிகளுக்குச் செய்யப்பெற்ற சிகிச்சையின் குறிப்புகள், நோயுற்ற கண்களை வரைந்த படங்களோடு, சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. ஒருவருடைய கண்ணை வரைய வேண்டுமானால் அதனை நெடுநேரம் உற்று நோக்கவேண்டும் அன்றோ? மருத்துவக் கல்வியின் முதற் பாடமும் அதுவே. 1959-இல் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி தோன்றிற்று. அங்கும் பிற கல்லூரிகளைப் போலவே நான்கரை ஆண்டுப் படிப்பும், அதன்பின் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் உண்டு. முதலாண்டின் உடற்கூற்றியல் கூடத்தில், தம் உடலைத் தானமாகத் தந்து மறைந்தவரின் முன் மாணவர்கள் உறுதிமொழி எடுத்துக்கொள்ளும் வழக்கம் இன்று பல கல்லூரிகளில் இருக்கிறது. பேசாத அந்த ஆசானிடம் கற்பதைப் பற்றி நீங்களே ஓரளவு ஊகித்துக்கொள்ளலாம். நான் சொல்ல விரும்புவது பேசும் நோயாளியைப் பற்றி.

விடியற்காலையில் உழவர் ஒருவர் வயிற்றுவலி என்று மருத்துவமனைக்கு வருகிறார் என வைத்துக்கொள்ளுங்கள். வாந்தியும் இருக்கிறது. முந்திய இரவு உண்ட உணவே காரணம் என்று எண்ணி மாத்திரை கொடுத்து அனுப்புவது எளிது. ஆனால் சற்று நேரத்தில் அவருடைய இமைகள் தாழத் தொடங்கினால்? கட்டுவிரியன் இரவில், தரையில் உறங்குவோரைக் கடிப்பது வழக்கம். கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் மிகக் குறைவு. பல்தடம் கண்ணுக்குப் புலப்படாமலே போவதும் உண்டு. கடிபட்டவருக்கே அது தெரிந்திராது. காலந்தாழ்ந்தால் மூச்சுத் தசைகள் செயலிழந்து உயிர் போய்விடும். இங்கே உயிர் காக்கத் தொடங்குவது கருவி அன்று, ஒரு கேள்வி: “ராத்திரி எங்கேங்க படுத்திருந்தீங்க?”

நம் டெல்டாவில் அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் நெல்லுக்குக் காவலாகப் படுப்பவரும், வீட்டில் பாய் விரித்துத் தரையில் உறங்குபவரும் உண்டு என்று அறிந்த மருத்துவரே அக்கேள்வியைக் கேட்பார். அது பரிவா, திறமையா? இரண்டையும் பிரித்துக் காட்ட என்னால் இயலவில்லை.

ஆனால் கேட்பது எளிதன்று. 1984-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, நோயாளி தம் குறையைச் சொல்லத் தொடங்கியபின் சராசரியாகப் 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டுவிட்டார் என்று கண்டது. நம் நாட்டில் வேறொரு தடையும் இருக்கிறது. பாடங்கள் ஆங்கிலத்தில், நோயாளியின் பேச்சு தமிழில். “மயக்கமா வருது” என்று ஒரு மூதாட்டி சொன்னால், அது நினைவிழத்தலா, கிறுகிறுப்பா, வெறும் தளர்ச்சியா? மூன்றுக்கும் காரணங்கள் வேறு. நல்ல தமிழறிவு மருத்துவருக்குத் தேவை என்று நான் சொன்னால், பழைய வாத்தியார் தம் பாடத்துக்கு ஆள் சேர்க்கிறார் என்று நகைக்காதீர்கள்.

இவற்றை எப்படிக் கற்பிப்பது? ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் முதலில் தேர்ந்த ஆசிரியரின் வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்து பார்ப்போம். பின்னர் நாங்கள் பாடம் நடத்த, அவர் பின்வரிசையில் இருப்பார். மருத்துவக் கல்வியிலும் இம்முறையே உயிர்நாடி. பேராசிரியர் கட்டில் கட்டிலாகச் செல்ல, மாணவர்கள் உடன் செல்கின்றனர். நோயாளியின் பெயரைச் சொல்லி அழைக்கிறாரா, ஆடையை விலக்குமுன் திரையை இழுத்துவிடுகிறாரா என்பதையெல்லாம் அவர்கள் கவனிக்கின்றனர். பேராசிரியர் “அந்த ஏழாம் நம்பர் கட்டில்” என்று சொன்னால், அறநெறி வகுப்பு பத்து நடத்தினாலும் மாணவர் நாவிலும் அதுவே நிற்கும்.

இதிலே ஒரு பெரிய கவலை உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து ஜெபர்சன் மருத்துவக் கல்லூரி மாணவர்களைப் பற்றிய ஆய்வு 2009-இல் வெளிவந்தது. மாணவர்களின் பரிவுணர்வு மூன்றாம் ஆண்டின் முடிவில் குறைந்திருந்ததாக அது கூறிற்று. அங்கே மூன்றாம் ஆண்டு என்பது மாணவர்கள் நோயாளிகளுக்கிடையே முழுநேரமும் பழகத் தொடங்கும் ஆண்டு! மாணவர்கள் தாமே விடையளித்த வினாத்தாள்களைக் கொண்ட ஆய்வு அது. நடத்தையை நேரில் அளந்ததன்று. எனினும் அதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. என்னிடம் பயின்று மருத்துவம் படித்த ஒருவர், “முதல் மரணத்தன்று எனக்குச் சோறு இறங்கவில்லை ஐயா, ஆறு மாதத்தில் இறங்கிவிட்டது” என்றார். உறக்கமின்மையும், கூட்டமும், துயரத்தை வெளியிட இடமின்மையும் மனத்தைக் காய்ப்பேறச் செய்கின்றன. கல் நெஞ்சத்தோடு ஒருவரும் கல்லூரிக்குள் நுழைவதில்லை.

இதனை உணர்ந்தே 2019-இல் நம் நாட்டு மருத்துவப் பாடத்திட்டத்தைத் திருத்தியமைத்து, மனப்பான்மை, அறநெறி, நோயாளியோடு உரையாடும் முறை ஆகியவற்றைத் தனிப் பயிற்சியாகச் சேர்த்தனர். பின்னர், மாணவர் ஒவ்வொருவரும் கிராமத்துக் குடும்பங்கள் சிலவற்றை ஏற்று, தொடர்ந்து சென்று பார்த்துவரும் திட்டமும் வந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மாணவர்களைக் கிராமத்திலேயே சில வாரம் தங்கச் செய்யும் வழக்கம் இதற்கு முன்பே உண்டு. நோயாளியின் வீட்டுக்குப் போய்வந்தவருக்கு, கட்டில் இல்லாத வீட்டைப் பற்றி எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

தேர்வும் மாறியிருக்கிறது. தேர்வில் வராததை மாணவர் படிப்பதில்லை என்பது எல்லா ஆசிரியரும் அறிந்த உண்மை! ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்டு ஹார்டன் 1975-இல் வெளியிட்ட முறையில், மாணவர் ஒன்றன்பின் ஒன்றாகப் பல மேசைகளுக்குச் செல்வார். ஒன்றில் நாடி பார்ப்பார்; மற்றொன்றில் கெட்ட செய்தியை ஒருவருக்கு எடுத்துச் சொல்வார். சொல்லும் விதத்துக்கும் மதிப்பெண் உண்டு. மதிப்பெண்ணுக்காகக் காட்டும் கனிவு கனிவாகுமா என்று நீங்கள் கேட்கலாம். கையெழுத்துப் பயிற்சியும் முதலில் மதிப்பெண்ணுக்காகத்தானே எழுதப்படுகிறது?

இறுதியில் வருவது பயிற்சி மருத்துவராகப் பணிபுரியும் ஓராண்டு. இரவு இரண்டு மணிக்குக் கண்ணாடிவிரியன் கடித்த ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பின்னர் சாய்த்துப் பார்க்கவேண்டும்; இரத்தம் உறையாதிருந்தால் நஞ்சுமுறி மருந்து செலுத்தவேண்டும். குழாய் தன் வேலையைத் தானே செய்துகொள்ளும். அந்த இருபது நிமிடத்தில் நோயாளியின் மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொண்டே, வாசலில் நிற்கும் மனைவியை உட்காரச் செய்து, எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதை அவருக்கு விளங்கும் சொற்களில் சொல்லவேண்டும். பிறகு கடிகாரத்தைப் பார்த்துக் குழாயைச் சாய்க்கவேண்டும்.