புராஜெக்டுக்கு ஜூனிலேயே பாட்டில் கழுவுங்கள்

திருவொற்றியூர், ராயபுரம் பக்கத்திலிருந்து எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும் தம்பி தங்கைகள், மூன்றாம் செமஸ்டருக்கு என்ன தயார் செய்வது என்று கேட்கிறார்கள். ரெக்கார்டு நோட்டும் பழைய வினாத்தாளும் நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: நான்காம் செமஸ்டர் புராஜெக்ட்டை இப்போதே, விடுமுறையிலேயே தொடங்குங்கள்.

காரணம் நம் ஊர்த் தண்ணீரில் இருக்கிறது. பல கல்லூரிகளில் புராஜெக்ட் காலம் டிசம்பர், ஜனவரியில் தொடங்கி ஏப்ரலில் முடிந்துவிடும். எண்ணூரில் கடல் சேரும் கொசஸ்தலையாற்றுக்கு அந்தக் கணக்கு கிடையாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைவெள்ளம் இறங்கி முகத்துவாரத்தில் உப்பைக் குறைக்கும். கோடையில் கடல்நீர் உள்ளே ஏறி உப்பைக் கூட்டும். ஜனவரியில் பாட்டிலோடு போகிறவருக்கு மழைக்குப் பிந்தைய நீர் மட்டும்தான் கிடைக்கும். அதை எதோடு ஒப்பிடுவது? ஜூன், ஜூலையில் எடுத்த நீர் கையில் இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

முன்கூட்டியே அளந்து வைக்க இன்னொரு காரணமும் உண்டு. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து ஆற்றில் படர்ந்தது, வலைகளும் படகுகளும் கறுத்தன. இப்படி ஒன்று நடந்தால் முதலில் கேட்கவேண்டியது, போன மாதம் இந்த நீர் எப்படி இருந்தது என்பதே. அதற்குப் பதில், விபத்துக்கு முன்பே யாரோ எடுத்துவைத்த அளவுகளில்தான் கிடைக்கும். அந்த யாரோ இங்கேயே பிறந்து வளர்ந்த மாணவராக இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சரி, எப்படி எடுப்பது? இந்தப் பகுதி அனல்மின் நிலையச் சாம்பலில் ஆர்செனிக், ஈயம், குரோமியம் போன்றவை சிறிதளவு உண்டு. அவற்றைப் பார்க்க நினைத்தால் பிளாஸ்டிக் பாட்டிலை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவுங்கள். எடுத்த நீரில் நைட்ரிக் அமிலம் சேர்த்து பி.ஹெச். 2-க்குக் கீழே கொண்டுவந்தால் பெரும்பாலான உலோகங்களுக்கு ஆறு மாதம் வரை வைத்திருக்கலாம். உங்கள் கல்லூரியில் அட்டாமிக் அப்சார்ப்ஷன் கருவி இல்லையென்றால், வேறு இடத்தில் முறை கிடைக்கும்வரை அந்த அவகாசம் உதவும்.

கரைந்த ஆக்சிஜன் அப்படிக் காத்திருக்காது. மாங்கனீசு சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் கரையிலேயே பாட்டிலில் சேர்த்துவிட வேண்டும். பழுப்பு வீழ்படிவு உண்டானால் ஆக்சிஜன் பிடிபட்டது. லேபுக்கு வந்து கந்தக அமிலம் விட்டு, தயோசல்பேட்டில் டைட்ரேஷன் செய்யலாம்.

சி.ஓ.டி. (வேதி ஆக்சிஜன் தேவை) பார்க்கும்போது கவனம். ஊர்ச் சாக்கடை நீருக்குச் செய்கிற அதே முறையை முகத்துவார நீருக்குச் செய்தால், அதிலுள்ள குளோரைடையும் டைக்ரோமேட் ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். உப்பை மாசு என்று எழுதிவைப்போம். மாதிரியை நீர்க்கச் செய்து, மெர்குரிக் சல்பேட் சேர்த்தாக வேண்டும். அந்தப் பாதரசக் கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் தனியாகச் சேகரியுங்கள்.

எடுத்த நேரத்தில் கடல் ஏற்றமா வற்றமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் காலையும் மாலையும் உப்பு மாறும். ஏற்ற வற்ற நேரத்தை எண்ணூர் காட்டுக்குப்பம் மீனவர்களைக் கேட்டால் கடிகாரம் பார்க்காமல் சொல்வார்கள். அவர்களிடம் கேட்டுப் போங்கள், தனியாகத் தண்ணீரில் இறங்காதீர்கள். அவர்கள் உதவி செய்தால் ஆய்வறிக்கையில் நன்றி சொல்லுங்கள், முடிவுகளைத் தமிழில் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

கல்லூரி திறக்கும்வரை பொறுக்கவேண்டாம். வழிகாட்டியாக வரக்கூடிய ஆசிரியரை இந்த வாரமே பார்த்து, லேபில் இருக்கும் பாட்டில், அமிலம், கருவி எவை என்று கேட்டுவிடுங்கள்.