கியர் இறக்கும்போது ஒரு ரைஸ்: காலா, கம்ப்யூட்டரா?

மேனுவல் கியர் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் நடுவே ஓயாமல் நடக்கும் ஒரு சண்டை உண்டு. கியரைக் குறைக்கும்போது எஞ்சின் வேகத்தைத் தானாகவே ஏற்றித் தருகிற எலக்ட்ரானிக் வசதி இப்போது பல கார்களில் வருகிறது. ரெவ் மேட்சிங் என்று பெயர். "இது வந்த பிறகு ஓட்டுறவனுக்கு என்ன வேலை?" என்கிறது ஒரு கட்சி. "கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் சரியா செய்யுது, அப்புறம் எதுக்கு காலை முறுக்கிக்கிட்டு கஷ்டப்படணும்?" என்கிறது இன்னொரு கட்சி.

கொஞ்ச நாளாக இதைப் பற்றிக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தோன்றியது என்னவென்றால், ரெண்டு கட்சியும் சண்டை போடுவது ஆக்சிலரேட்டரைப் பற்றி. உண்மையில் கடினமான வேலை பக்கத்துப் பெடலில் இருக்கிறது. அதை விளக்கத்தான் இந்தப் பதிவு.

முதலில், பிரச்சினை என்ன?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மூன்றாவது கியரின் விகிதம் 1.6, இரண்டாவதின் விகிதம் 2.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி மூன்றாவது கியரில் போகிறது, எஞ்சின் 4000 ஆர்பிஎம்-இல் சுற்றுகிறது. அதே வேகத்தில் இரண்டாவது கியருக்கு வந்தால் எஞ்சின் 6000-இல் சுற்றியாக வேண்டும். 2.4-ஐ 1.6-ஆல் வகுத்தால் 1.5, அவ்வளவுதான் கணக்கு.

ஆனால் கிளட்சை மிதித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த உடனே எஞ்சின் வேகம் இறங்க ஆரம்பிக்கும். நீங்கள் கியரைப் போட்டு முடிக்கும்போது அது 2500-க்கு வந்திருக்கலாம். கியர்பாக்ஸ் பக்கம் 6000 கேட்கிறது, எஞ்சின் பக்கம் 2500-இல் நிற்கிறது. இந்த நேரத்தில் கிளட்சைப் பட்டென்று விட்டால், எஞ்சினை 6000-க்கு இழுத்துக்கொண்டு போகப்போவது யார்? சக்கரங்கள்தான். அதாவது, டயர் ரோட்டைப் பிடித்திருக்கும் பிடிமானத்தை வைத்துத்தான் எஞ்சின் மேலே இழுக்கப்படுகிறது.

ஊருக்குள் ஓட்டும்போது இது ஒரு குலுக்கல், அவ்வளவுதான். ட்ராக்கில் கதை வேறு. வளைவுக்கு முன்னால் முழு பலத்தோடு பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது, பின்சக்கரங்கள் லேசாகிவிடுகின்றன. பின்சக்கரத்தில் எஞ்சின் சக்தி போகிற கார் என்றால், ஏற்கெனவே பிரேக் வேலையில் இருக்கிற அந்த லேசான டயர்களின் தலையில் இந்த இழுவையும் விழுகிறது. ஒரு நொடி அவை லாக் ஆனால் போதும், ஸ்டியரிங்கைத் திருப்ப ஆரம்பித்திருந்தால் பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும். வண்டி சுற்றிவிடும். முன்சக்கர டிரைவ் என்றால் முன்டயர்களின் பிடிமானம் போய், வண்டி வளையாமல் நேராக வழுக்கும்.

தீர்வு எளிது: கிளட்சை விடும் முன்பு ஒரு ரைஸ் கொடுத்து எஞ்சினைத் தேவையான வேகத்துக்கு ஏற்றிவிட வேண்டும். ரெண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுற்றினால் கிளட்ச் சத்தமில்லாமல் பிடிக்கும்.

மூணு பெடல், ரெண்டு கால்

இங்கேதான் சிக்கல். இடது கால் கிளட்சில். வலது கால் பிரேக்கில், அதுவும் முழு அழுத்தத்தில். ரைஸ் கொடுக்கக் கால் இல்லை.

ஹீல் அண்ட் டோ என்ற உத்தி இந்தப் பற்றாக்குறையிலிருந்து பிறந்ததுதான். வலது பாதத்தின் முன்பகுதி பிரேக்கை அழுத்தியபடி இருக்க, அதே பாதத்தின் வலது ஓரத்தையோ குதிகாலையோ சாய்த்து ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டுவது. பெயரில் குதிகால் இருந்தாலும், இன்றைய கார்களில் பெடல்கள் இருக்கும் இடத்துக்குப் பலரும் பாதத்தின் ஓரத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அயர்டன் சென்னா சுசூகா ட்ராக்கில் ஹோண்டா என்எஸ்எக்ஸ் ஓட்டும் வீடியோ இணையத்தில் பிரபலம். காலடியில் ஒரு கேமரா வைத்து எடுத்திருக்கிறார்கள். ரேஸ் ஷூ கூட இல்லை, சாதாரண லோஃபர் போட்டிருக்கிறார். பார்க்கிற எல்லாரும் ஆக்சிலரேட்டர் மேல் ஆடுகிற பாதத்தைத்தான் ரசிக்கிறார்கள். அடுத்த தடவை பார்க்கும்போது பிரேக் பெடலை மட்டும் கவனித்துப் பாருங்கள். பாதத்தின் ஒரு பக்கம் ஆடும்போது இன்னொரு பக்கம் ஆடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வித்தையின் சாரம்.

ஏனென்றால், ரைஸ் கொடுப்பது ஒரு நாளில் வந்துவிடும். ரைஸ் கொடுக்கும்போது பிரேக் அழுத்தம் மாறாமல் வைத்திருப்பதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகும். பாதம் சாயும்போது அழுத்தம் குறைந்தால் வண்டி நிற்கும் தூரம் கூடும். அழுத்தம் ஏறினால் டயர் லாக் ஆகலாம், ஏபிஎஸ் துடிக்க ஆரம்பிக்கலாம். வளைவுக்குள் பிரேக்கை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டே நுழைகிறவர்களுக்கு இது இன்னும் நுணுக்கமான வேலை.

இன்னொரு விஷயம்: சாதாரண ரோட்டில் மெதுவாக பிரேக் தொடும்போது இந்த உத்தி சரியாக வராது. பல கார்களில் பிரேக் பெடல் ஆக்சிலரேட்டரை விட உயரமாக இருக்கும். பலமாக மிதித்து அது கீழே போனால்தான் ரெண்டும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வரும். "டிராஃபிக்ல பழகிப் பார்த்தேன், வரவே இல்லை" என்று சொல்கிறவர்கள் மேல் தப்பில்லை. பெடல் மட்டம்தான் காரணம்.

டபுள் கிளட்ச் வேறு, இது வேறு

இந்த ரெண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. கிளட்சை மிதித்திருக்கும்போது ரைஸ் கொடுத்தால் எஞ்சினும் ஃப்ளைவீலும் மட்டும்தான் வேகம் எடுக்கும். கிளட்ச் தட்டும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்டும் அந்தப் பக்கம் தனியாக இருக்கின்றன. அவற்றைப் புதிய கியரின் வேகத்துக்குக் கொண்டுவருவது கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சிங்க்ரோவின் வேலை.

1928-இல் காடிலாக் கார்களில் சிங்க்ரோமெஷ் வருவதற்கு முன்பு இந்த வேலையை ஓட்டுநரே செய்ய வேண்டியிருந்தது. நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ரைஸ் கொடுத்து, மறுபடி கிளட்சை மிதித்துக் கியரைப் போடுவது. அதுதான் டபுள் கிளட்ச். நம்ம ஊரில் பழைய லாரி ஓட்டிய டிரைவர்களைக் கேட்டுப் பாருங்கள், காது கேட்கிற சத்தத்தை வைத்தே செய்வோம் என்பார்கள்.

ஆக, ஹீல் அண்ட் டோ ஆனாலும் சரி, எலக்ட்ரானிக் ரெவ் மேட்சிங் ஆனாலும் சரி, அவை காப்பாற்றுவது கிளட்சையும் வண்டியின் சமநிலையையும். சிங்க்ரோவின் சுமை அப்படியேதான் இருக்கிறது. வசதி இருக்கிறதே என்று கியர் லீவரை அடித்துத் தள்ளினால் சிங்க்ரோ தேயத்தான் செய்யும்.

மெஷின் எப்படிச் செய்கிறது?

2009 மாடலாக வந்த நிஸான் 370இசட் காரில்தான் மேனுவல் கியருக்கான இந்த வசதி முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. சிங்க்ரோரெவ் மேட்ச் என்று பெயர் வைத்தார்கள். ஆக்சிலரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே கேபிள் இல்லாமல், மின்சார த்ராட்டில் பரவலான பிறகுதான் இது எளிதாகச் சாத்தியமானது.

வேலை செய்யும் விதம் ரொம்ப நேரடியானது. கிளட்ச் பெடலில் ஒரு சென்சார், கியர் லீவர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்க ஒரு சென்சார், வண்டியின் வேகத்தைப் பார்க்க ஒன்று, எஞ்சின் வேகத்துக்கு ஒன்று. கிளட்ச் மிதிபட்டு, லீவர் இரண்டாவது கியரை நோக்கிப் போகிறது என்று தெரிந்தவுடன், அந்த வேகத்துக்கு எத்தனை ஆர்பிஎம் வேண்டும் என்று கணக்கிட்டு கம்ப்யூட்டரே த்ராட்டிலைத் திறக்கிறது.

இதில் மனிதக் காலை விட அது ஒரு விஷயத்தில் நிச்சயமாகக் கெட்டிக்காரன். மேலே நான் 6000 என்று சொன்னது வண்டி அதே வேகத்தில் போனால். ஆனால் நாம் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறோமே! கிளட்சை விடும் நேரத்தில் வண்டி வேகம் குறைந்து, தேவை 5200 ஆக இறங்கியிருக்கலாம். இந்த நகரும் இலக்கைக் கால் ஊகிக்க வேண்டும். கம்ப்யூட்டர் தொடர்ந்து அளந்துகொண்டே இருக்கிறது, நீங்கள் தாமதித்தால் அதற்கேற்பக் குறைத்துக்கொள்கிறது.

2014 கார்வெட்டில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடிலால் இதைப் போடவும் அணைக்கவும் முடியும். போர்ஷே 2016-இல் 991 கார்கள் மட்டும் செய்த 911 ஆர், மேனுவல் பிரியர்களுக்கென்றே வந்த கார். அதிலும் இந்த வசதி ஒரு பட்டனில் இருந்தது. அந்தக் காலத்து பிஎம்டபிள்யூ எம்3, எம்4 மேனுவல் கார்களில் மட்டும் ஒரு வினோதம்: ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலை முழுவதும் அணைத்தால்தான் ரெவ் மேட்சிங்கும் அணையும். கால் பழக்கத்துக்காக, வழுக்கினால் காப்பாற்றும் பாதுகாப்பையே விட்டுக்கொடு என்று கேட்பது மாதிரி. இந்த ரெண்டையும் முடிச்சுப் போட்டிருக்க வேண்டாம் என்பது என் கருத்து.

பைக் ஓட்டுகிறவர்களுக்கு இதே பிரச்சினை கையில் இருக்கிறது. வலது கை விரல்கள் முன் பிரேக்கில், அதே கையின் உள்ளங்கை த்ராட்டிலில். பல பைக்குகளில் வரும் ஸ்லிப்பர் கிளட்ச் இதற்கு வேறு வழி கண்டுபிடித்தது: வேகத்தைச் சமப்படுத்தாமல், பின்சக்கரம் எஞ்சினை ரொம்ப இழுக்கும்போது கிளட்சைக் கொஞ்சம் வழுக்க விடுவது.

மெஷின் செய்யாத வேலை

முதலாவது, பிரேக். எங்கே மிதிக்க ஆரம்பிப்பது, எவ்வளவு, எப்போது விடுவது என்பதெல்லாம் முழுக்க உங்கள் பொறுப்பு.

இரண்டாவது, எந்தக் கியர் என்பது. இதில் பணமும் இருக்கிறது. ஐந்தாவதிலிருந்து நான்காவதுக்குப் போக நினைத்து, பதற்றத்தில் லீவரை இரண்டாவதுக்குள் தள்ளிவிட்டால் என்ன ஆகும்? ஐந்தாவதின் விகிதம் 1.0, எஞ்சின் 5500-இல் இருக்கிறது என்றால், இரண்டாவதில் அது 13,200. எந்தச் சாதாரண கார் எஞ்சினும் தாங்காது. ரெவ் லிமிட்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். அது பெட்ரோலைத்தான் நிறுத்தும், சக்கரங்கள் எஞ்சினைச் சுற்றுவதை நிறுத்தாது. வால்வும் பிஸ்டனும் மோதிக்கொண்டால் எஞ்சின் காலி. போர்ஷே கார்களின் கம்ப்யூட்டர் எஞ்சின் எல்லை மீறிய தடவைகளைப் பதிந்து வைக்கும். பழைய போர்ஷே வாங்குகிறவர்கள் அந்தப் பதிவைக் கேட்டுப் பார்ப்பது இதனால்தான். இந்தத் தவறிலிருந்து ரெவ் மேட்சிங் யாரையும் காப்பாற்றாது.

மூன்றாவது, நேரம். வேகம் போதுமான அளவு குறையும் முன்பே கியரை இறக்கும் அவசரத்தை எந்த சென்சாரும் திருத்தாது.

அப்போ என்ன செய்யலாம்?

எனக்குப் பிடித்த வழி, இந்த வசதியை எதிரியாகப் பார்க்காமல் பயிற்சி ஆசிரியராகப் பயன்படுத்துவது. முதலில் அதைப் போட்டுவிட்டு ட்ராக்கில் ஓட்டுங்கள். இப்போது வலது காலுக்கு ஒரே வேலை, பிரேக். அழுத்தம் மாறாமல் ஒரே சீராக வேகம் குறைவது எப்படி இருக்கிறது என்று உடம்பு கற்றுக்கொள்ளும். கியர் இறங்கும்போது வண்டி கொஞ்சம்கூடக் குலுங்காமல் இருப்பதும், அந்த ரைஸின் சத்தம் எவ்வளவு உயரம் போகிறது என்பதும் காதில் பதியும்.

அப்புறம் அணைத்துவிட்டு, பிரேக் இல்லாமல் நேர் ரோட்டில் கியர் இறக்கிப் பழகுங்கள், ரைஸ் மட்டும். அது கைவந்த பிறகு ட்ராக்கில் ரெண்டையும் சேருங்கள். இப்போது ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் ஒரு அளவுகோல் இருக்கிறது. குலுங்கினால் ரைஸ் போதவில்லை. கிளட்ச் பிடிக்கும்போது வண்டி முன்னால் பாய்ந்தால் ரைஸ் அதிகம். ரைஸ் கொடுக்கிற கணத்தில் மூக்கு மேலே எழும்பினால் பிரேக்கை விட்டிருக்கிறீர்கள். அந்த மூன்றாவதுதான் முக்கியமாகத் திருத்த வேண்டியது.

மழை பெய்த ட்ராக், பழகாத ரோடு, களைப்பான கடைசி சுற்று, இந்த மாதிரி நேரங்களில் தயங்காமல் வசதியைப் போட்டுக்கொள்ளலாம். வழுக்கும் ரோட்டில் கௌரவம் பார்க்கத் தேவையில்லை. ஆனால் அந்த வசதி அந்த ஒரு காரோடு இருந்துவிடும். நாளைக்கு வேறு வண்டியில் உட்கார்ந்தால் காலும் காதும்தான் கூட வரும். அதனால் அணைக்கும் பட்டன் உள்ள காராகப் பார்த்து வாங்குங்கள், வாங்கிய பிறகு அந்தப் பட்டனை அப்பப்போ அழுத்தவும் செய்யுங்கள்.